கண்டிப் பெரஹரா: வீதி எல்லோருக்கும் உரியது

ஆண்டுதோறும் எசல மாதத்தில் கண்டி மாநகரின் வீதிகள் பத்து இரவுகள் விழாக்கோலம் பூணுகின்றன. குண்டசாலை, திகன, தெல்தெனிய ஆகிய பகுதிகளிலிருந்து தென்னக்கும்புரப் பாலத்தைக் கடந்து நகருக்குள் வரும் மக்கள், பகற்பொழுதிலேயே நடைபாதைகளில் பாய் விரித்து இடம்பிடித்துக் காத்திருக்கின்றனர். புலம்பெயர்ந்து ஐரோப்பிய நாடுகளில் வாழும் எம்மவர்களும் கோடை விடுமுறையில் தாயகம் வரும்போது, தம்முடன் அந்நாட்டு நண்பர்களையும் இவ்விழாவுக்கு அழைத்து வருவதுண்டு. ஜேர்மனியிலிருந்து வரும் ஒரு நண்பரின் உள்ளத்தில் இயல்பாகவே எழக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. இது எங்கள் நாட்டுக் களியாட்ட ஊர்வலத்தைப் போன்றதுதானா என்பதே அது. இக்கேள்விக்கு விடை தேடுவது எம்மை நாமே அறிந்துகொள்ளவும் உதவும்.

ஜேர்மனியின் தெருக் களியாட்டங்களுள் புகழ்பெற்றது கொலோன் நகரில் நடைபெறுவதாகும். அது கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய நாட்களில் உச்சம் பெறும். தவக்காலத் தொடக்கமான திருநீற்றுப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை, அலங்கார ஊர்திகள் நகரை வலம் வருகின்றன. இவ்வூர்வலம் இன்றைய ஒழுங்கமைந்த வடிவத்தைப் பெற்றது 1823 ஆம் ஆண்டிலாகும். ஊர்திகளில் செல்வோர் இனிப்புகளை அள்ளி வீச, வீதியோரத்தில் நிற்போர் கூவிக் கேட்டுப் பெற்றுக்கொள்கின்றனர். அரசியல் தலைவர்களின் உருவங்கள் கேலிக்குள்ளாகின்றன. பார்ப்பவரும் வேடம் பூண்டே வருகின்றனர். ஆடுபவர் யார், பார்ப்பவர் யார் என்ற எல்லைக்கோடு அங்கே அழிந்துவிடுகின்றது.

கண்டிப் பெரஹராவின் இயல்பு வேறு. அது ஒரு வழிபாட்டுச் சடங்கு. இளம் பலாமரத்திலிருந்து வெட்டப்பட்ட கால்கள் தேவாலயங்களில் நடப்படுவதோடு அது தொடங்குகின்றது. முதல் ஐந்து இரவுகள் கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து இரவுகள் ரந்தோலிப் பெரஹரா. சவுக்கடிப்போர் முன்னே வந்து ஊர்வலத்தின் வருகையை அறிவிக்கின்றனர். கொடி ஏந்துவோர், மேளக்காரர், நடனக்காரர் தொடர்ந்து வருகின்றனர். தலதா மாளிகையின் யானை புனிதப் பேழையைச் சுமந்து வரும்போது மக்கள் எழுந்து கைகூப்பி நிற்கின்றனர். இனிப்புக்காகக் கை நீட்டும் இடமல்ல அது.

இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டைக் கொரோனாப் பெருந்தொற்றுத் தெளிவாகக் காட்டியது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் கண்டிப் பெரஹரா மக்களின்றியே நடைபெற்றது. வெறிச்சோடிய வீதிகளிலும் மேளம் ஒலித்தது, யானைகள் நடந்தன. கொலோனிலோ 2021 இல் வீதி ஊர்வலமே இல்லாது போயிற்று. பார்வையாளர் இல்லையேல் களியாட்டம் இல்லை. ஆனால், தெய்வத்துக்கான சடங்கு பார்வையாளருக்காகக் காத்திருப்பதில்லை.

அப்படியாயின் பெரஹராவில் நடைபாதையில் அமர்ந்திருக்கும் மக்களுக்குப் பங்கில்லையா? உண்டு. இவ்விழாவின் அமைப்பே அதற்குச் சான்று பகர்கின்றது. மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் வருகின்றன. கதிர்காமக் கடவுள் நாம் வணங்கும் முருகப்பெருமான். அவரது ஊர்வலத்தில் காவடியாட்டம் இடம்பெறுகின்றது. பத்தினித் தெய்வம் நம் கண்ணகியே. ஆற்றில் நீர்வெட்டும் சடங்கு முடிந்து திரும்பும் தேவாலய ஊர்வலங்கள், கட்டுகலைப் பிள்ளையார் கோயிலில் தங்கிய பின்னரே பகல் பெரஹராவுக்குப் புறப்படுவது மரபாகும்.

வரலாறும் இதனையே கூறுகின்றது. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன், குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் குண்டசாலை அரசன் என்றே அழைக்கப்பட்டான். மதுரை நாயக்கர் வழிவந்த அவனது அரசியின் சகோதரன் அவனுக்குப் பின் அரியணை ஏறினான். அந்த நாயக்கர் மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தில்தான், அதாவது 1747 இற்கும் 1782 இற்கும் இடையில்தான், அதுவரை தேவாலயங்களுக்கே உரியதாயிருந்த ஊர்வலத்தின் முன்னணியில் புனிதப் பேழை இடம்பெறலாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த அரச குலமொன்று பௌத்தத்தின் தலையாய விழாவுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது என்பது மறக்கத்தக்க செய்தியன்று.

ஆயினும் விழாவுக்கு இடந்தரும் அதே வீதி வெறுப்புக்கும் இடந்தரும் என்பதை நாம் அனுபவித்து அறிந்திருக்கிறோம். 1998 ஜனவரி 25 ஆம் திகதி விடுதலைப் புலிகளின் வெடிகுண்டு லொறி தலதா மாளிகை முன்றலில் பல உயிர்களைக் காவுகொண்டது. 2018 மார்ச் மாதத்தில் குண்டசாலைக்கு அப்பால் அதே வீதியிலுள்ள திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன; நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அவ்வாண்டும் பெரஹரா நடைபெற்றது. கடை எரிந்தவனும் எரித்தவனும் ஒரே வீதியின் ஓரத்தில் அச்சமின்றி அருகருகே அமர முடிந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்விடத்தில் ஜேர்மனியிலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் கொலோனில் அல்ல, ஹம் நகரில் இருக்கின்றது. இலங்கையிலிருந்து அகதிகளாய்ச் சென்ற தமிழர் அங்கு எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் 2002 இல் குடமுழுக்குக் கண்டது. அதன் தேர்த்திருவிழாவன்று காவடிகளும் நாதஸ்வர ஒலியும் ஜேர்மனிய வீதியை நிறைக்கின்றன. அயலவரும் வந்து பார்த்து நிற்கின்றனர். பிற நாட்டான் தன் வீதியை எமக்குத் திறந்துவிடுவதை நாம் பெருமையுடன் பேசுகிறோம். எமது சொந்த நாட்டின் வீதிகளும் எல்லோருக்கும் அவ்வாறே திறந்திருக்க வேண்டுமென்று கேட்கும் தகுதி அதனால் எமக்கு உண்டு, கடமையும் உண்டு.

இன்னொன்றும் கவனத்திற்குரியது. பெரஹரா செல்லும் பாதையோரத்தில் ஆசனங்கள் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. சுற்றுலாவினால் நகருக்கு வருமானம் கிடைப்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், கைக்குழந்தையோடு கிராமத்திலிருந்து வரும் தாய்க்கு நடைபாதையில் ஒரு பாய் விரிக்கும் இடமாவது எஞ்ச வேண்டும். வீதிவிழாவின் உயிர் அந்தப் பாயில்தான் இருக்கின்றது.

எனவே, நண்பர்களை அழைத்துச் செல்வோர் யானைகளையும் தீப்பந்தங்களையும் மட்டும் காட்டி நின்றுவிடலாகாது. கண்ணகியும் முருகனும் புத்தபெருமானும் ஒரே இரவில் ஒரே வீதியால் பவனி வருவதைச் சுட்டிக்காட்ட வேண்டும். தெய்வங்களுக்குச் சாத்தியமான அயலுறவு மனிதர்க்கும் சாத்தியமாகும் நாளிலேயே அவ்விழா முழுமை பெறும்.