வீட்டு மின்சாரமும் கடமைப் பயணமும்

பெற்றோல் கிடையாத நாள்களைப் பற்றி வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலினால் இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்கள் நாம். அக்காலத்தில் மின்சாரம் அதனினும் அரிது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே பலர் வானொலி கேட்டனர். 2022 இல் நாடு முழுவதுமே பெற்றோலுக்காக வரிசையில் நின்றது. இவற்றையெல்லாம் கண்டவர்கள் இன்று மின் ஸ்கூட்டரை நாடுவதில் வியப்பொன்றுமில்லை.

ஆயின், அவ்வாகனத்திற் கடமைக்குச் செல்லும் ஊழியர் ஒருவருக்கு மின்னேற்றச் செலவை எவ்வாறு மீளளிப்பது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

பெற்றோலுக்குப் பற்றுச்சீட்டு உண்டு. மின்னேற்றமோ பெரும்பாலும் இரவில், வீட்டிலே நடைபெறுகின்றது. விளக்கும் விசிறியும் நீர்ப்பம்பியும் செலவிட்ட அலகுகளோடு வாகனத்தின் அலகுகளும் ஒரே மின்மானியில் ஏறிவிடுகின்றன. மாத முடிவில் வரும் பட்டியல் எதனையும் பிரித்துக் காட்டுவதில்லை.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற பகுதிகளிற் கிராமந்தோறும் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் நாளுக்கு 20 கிலோமீற்றராக, மாதத்தில் 20 நாள்கள் பயணஞ் செய்கின்றார் எனின், மொத்தம் 400 கிலோமீற்றராகும். சிறிய மின் ஸ்கூட்டருக்கு, மின்னேற்றும்போது வீணாவதையுஞ் சேர்த்து, 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 3 அலகு தேவை. ஆகவே மாதத்திற்கு 12 அலகு.

"பன்னிரண்டு அலகுதானே!" என்று எண்ணிவிடலாகாது. நமது நாட்டின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2025 ஆம் ஆண்டின் கட்டண முறைப்படி, மாதத்தில் 60 அலகுக்கு உட்பட்டோருக்கே மிகக் குறைந்த விகிதங்கள் உரியன. அவ்வெல்லையைக் கடந்தால், மிகுதியான அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுகளுக்குமே கூடிய விகிதம் அறவிடப்படும். நிலையான மாதக் கட்டணமும் உயரும். மேற்கூறிய உத்தியோகத்தரின் வீட்டிலே 55 அலகு செலவாகுமாயின், கடமைக்கான 12 அலகு அதனை 67 ஆக்கிவிடுகின்றது. அவர் இழப்பது 12 அலகின் விலையன்று. 55 அலகுப் பட்டியலுக்கும் 67 அலகுப் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ஆகும். சராசரி விலை கொடுத்து அனுப்பினால், பொதுக் கடமையின் செலவில் ஒரு பகுதியை அக்குடும்பமே சுமக்கின்றது.

இதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது, கிலோமீற்றருக்கு இவ்வளவு என விகிதம் வகுத்தல். பிரித்தானிய வரித் திணைக்களம் 2018 செப்டெம்பரில், நிறுவனங்களின் மின்கார்களுக்கு மைலுக்கு 4 பென்ஸ் என ஆலோசனை விகிதமொன்றை முதன்முதலாக அறிவித்தது. வீட்டு மின்னேற்றமும் பொது நிலைய மின்னேற்றமும் ஒரே விலையின அல்ல என்பதனால், 2025 செப்டெம்பரில் அதனை முறையே 8 பென்ஸ், 14 பென்ஸ் என இரண்டாகப் பிரித்தது. விகிதம் எளிது, ஆனால் காலத்துக்குக் காலம் திருத்தப்படல் வேண்டும். வாகனம் ஊழியரின் சொந்தமாயின், மின்கலத்தின் தேய்மானமும் அதில் அடங்க வேண்டும்.

இரண்டாவது, மின்னேற்றும் இடத்தில் துணைமானி ஒன்றைப் பொருத்தி, பயணக் குறிப்பேட்டுடன் ஒப்பிடுதல். கடமைப் பயணமும் சொந்தப் பயணமும் இதனாற் பிரிந்து தெரியும்.

மூன்றாவது, கடமை நிலையத்திலேயே பகலில் மின்னேற்ற வசதி அளித்தல். 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையின்போது மின்தேவை குறைந்தமையால், கூரைகளிலுள்ள சூரிய மின் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. நண்பகலிற் சில வேளைகளில் மின்சாரம் மிகுந்திருக்கின்றது என்பதற்கு இதுவே சான்று. பணிமனை முற்றத்தில் நிற்கும் வாகனம் அதனைப் பெற்றுக்கொள்ளலாகாதா? அங்கே மீளளிப்புக்கே தேவை இராது. யார் எவ்வளவு பெற்றார் என்ற பதிவேடு ஒன்றே போதும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். அளவு இருபாலாருக்கும் பொது. ஊழியர் சொந்தப் பயணத்தைக் கடமைக் கணக்கில் எழுதலாகாது. நிர்வாகமும் கடமைச் செலவை ஊழியரின் வீட்டுக் கணக்கில் விட்டுவிடலாகாது. மண்ணெண்ணெய்ப் புகையில் ஓடிய காலத்திலும் கடமை தவறாத ஊழியர்கள் வாழ்ந்த மண் இது. இன்று அவர்கள் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரையும் அளந்து அதற்குரியதை அளிப்பது சலுகையன்று, நியாயமாகும்.