ஒரு டம்ளர் இளநீரும் ஒரு மூடி மருந்தும்

ஒரு டம்ளர் இளநீரில் அரை கிராமுக்குச் சற்று மேல் பொட்டாசியம் இருக்கிறது. நம் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஏறத்தாழ மூன்று லிட்டர். அந்த மூன்று லிட்டரில் கரைந்திருக்கும் பொட்டாசியத்தை எல்லாம் திரட்டினாலும் அரை கிராம் தேறாது. வெயிலில் நின்று இரண்டு நிமிடத்தில் நாம் குடித்து முடிக்கும் இளநீரில், பிளாஸ்மா முழுக்க ஓடுவதைவிட அதிகப் பொட்டாசியம்! ரத்தத்தில் அதன் அளவு இரு மடங்கானாலே இதயம் நின்றுபோகலாம். ஆனாலும் இளநீர் குடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போகிறார்.

அவரைக் காப்பது செல்களின் சவ்வில் இருக்கும் ஒரு பம்பு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அதன் ஓயாத வேலை. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் ஸ்கூ என்பவர் நண்டின் நரம்புகளை அரைத்து ஆராய்ந்து 1957-இல் இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், அவருக்கு நோபல் பரிசு வந்தது. நம் உடலில் உள்ள சுமார் 140 கிராம் பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள்ளேயே அடைபட்டிருப்பது இந்தப் பம்பின் உழைப்பால்தான். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், வந்து சேர்ந்த பொட்டாசியத்தையும் செல்களுக்குள் அனுப்பிவிடுகிறது. பிறகு சிறுநீரகம் நிதானமாக மிச்சத்தை வெளியேற்றுகிறது. உடலைவிட்டுப் போகும் பொட்டாசியத்தில் பெரும்பகுதிக்கு அது ஒன்றுதான் வாசல்.

வெளியே மிஞ்சும் அந்த இரண்டு பங்குக்கு ஏன் இத்தனை காவல்? லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் 1880-களில் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்தார். கால்சியமும் பொட்டாசியமும் சரியான விகிதத்தில் இருந்தபோது அது மணிக்கணக்கில் துடித்தது. பொட்டாசியம் கூடியபோது துடிப்பு தளர்ந்து நின்றது. நம் மருத்துவமனைகளில் ‘ஆர்.எல்.’ என்று ஏற்றுகிறார்களே, அந்த பாட்டிலின் பெயரில் முதல் எழுத்து இந்த ரிங்கர்தான். அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 4 மில்லிமோல். நல்ல உடல்நிலையில் ரத்தத்தில் இருப்பதும் ஏறத்தாழ அதுவே. 3.5-க்குக் கீழே போனால் குறைவு, 5-ஐத் தாண்டினால் மிகுதி. இத்தனை குறுகிய வரப்பின் மேல்தான் நாம் வாழ்நாள் முழுக்க நடக்கிறோம்.

பொட்டாசியம் குறைந்து வரப்பிலிருந்து சறுக்குவது பெரும்பாலும் வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும்தான். இல்லாவிட்டால், கால் வீக்கத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் நீர் பிரியும் மாத்திரைகளால். கால் துவளும், தசை பிடித்திழுக்கும், மலம் கட்டும், நெஞ்சு படபடக்கும். அப்போதுதான் மருத்துவர் பொட்டாசியம் குளோரைடு மருந்தை எழுதுகிறார். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் பத்து சதவீதக் கரைசலில் 15 மில்லி குடித்தால் 20 மில்லிமோல் பொட்டாசியம் உள்ளே போகிறது. ஒரு டம்ளர் இளநீரில் இருப்பதைவிட அதிகமான அளவு, ஒரு மூடிக்குள்!

அதனால்தான் அதை ஒரு டம்ளர் தண்ணீரிலாவது கலந்து, சாப்பிட்ட பின், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்கிறார்கள். அளப்பதும் அதனுடன் வரும் மூடியால்தான். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. மாத்திரையாகத் தந்தால் அதை உடைக்கவோ, பொடிக்கவோ, மெல்லவோ கூடாது. மணிக்கணக்கில் மெல்லக் கசிவதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. 1960-களில் வந்த பழைய வகை மாத்திரைகள் குடலில் ஒரே இடத்தில் கரைந்து புண்ணாக்கின. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே இன்றைய வடிவம். நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். சிலவகை மாத்திரைகளின் வெற்றுக்கூடு மலத்தில் முழுசாக வருவதுண்டு. மருந்து உடலில் சேர்ந்துவிட்டது, பயம் வேண்டாம். ஒரு வேளை தவறிப்போனால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துக் குடிக்கவே கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது ‘உப்பு’ என்ற நம் சொல். சோடியம் குறைந்தாலும் “உடம்புல உப்பு குறைஞ்சிருச்சு” என்கிறோம். பொட்டாசியம் குறைந்தாலும் அதையே சொல்கிறோம். சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறினால், “உப்பு ஏறியிருக்கு” என்கிறோம். மூன்றும் மூன்று வேறு நிலைகள். போன மாதம் அப்பாவுக்கு உப்புக் குறைவுக்குக் கொடுத்த மருந்து மிச்சம் இருக்கிறது என்று, கால் வலிக்கிற அம்மாவுக்கு அதை ஊற்றிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், பொட்டாசியம் வெளியேறும் வாசல் குறுகியிருக்கும். என்ன குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று பெயரும் எண்ணுமாகக் கேட்டுக்கொள்வது பாதி பாதுகாப்பு.

வேறு மருந்துகளும் அந்த வாசலைச் சாத்தும். ரத்த அழுத்தத்துக்கான எனலாபிரில், ராமிபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை பொட்டாசியத்தை உடலில் தேக்குபவை. நீர் பிரியும் மாத்திரைகளிலேயே ஸ்பைரோனோலாக்டோன் மற்ற பலவற்றுக்கு நேர் எதிர். அது பொட்டாசியத்தை வெளியேவிடாது. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தின் கையைக் கட்டுகின்றன. இவற்றோடு பொட்டாசியம் மருந்தே கூடாது என்பதில்லை. சில நேரம் மருத்துவர் தெரிந்தேதான் சேர்த்துத் தருகிறார், ஆனால் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக இருப்பது இதே பொட்டாசியம் குளோரைடு. 2025-இல் அவ்வகை உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கியே சொன்னது.

இன்னொன்று. சில வேளை எவ்வளவு குடித்தாலும் எண் ஏறாது. மெக்னீசியம் குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தை ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கும். அப்போது மருந்தின் அளவைக் கூட்டிப் பயனில்லை, மெக்னீசியத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். இது வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கக்கூடிய விஷயமல்ல.

பொட்டாசியம் மிகுந்தால் உடல் முன்கூட்டி எச்சரிக்கும் என்றும் நம்ப முடியாது. பலருக்கு எந்த அறிகுறியும் இராது. கை கால் திடீரெனத் தளர்ந்தால், நெஞ்சுத் துடிப்பு தாறுமாறானால், மயக்கம் வந்தால், மாத்திரையால் குடல் புண்ணாகிக் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மலம் போனால், அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இ.சி.ஜி. ஒன்றிலேயே ஆபத்தின் சாயல் தெரிந்துவிடக்கூடும். ஏறிய பொட்டாசியத்தை இறக்குவதற்கு மருந்துகளும் இருக்கின்றன.

பொட்டாசியம் டானிக் அல்ல. பழைய சீட்டைக் காட்டி இன்னொரு பாட்டில் வாங்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையும் சமையலறை உப்புப் பாக்கெட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இந்த மருந்து எத்தனை நாளைக்கு, அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று கேட்டு, இரண்டையும் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.