வலிக்காத பல்லைக் காட்ட ஐநூறு ரூபாய்

"வலியே இல்லாம பல் டாக்டர்ட்ட போறதுக்குத் துட்டு குடுப்பாவளா மைனி?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். கொடுப்பார்கள். அந்தத் துட்டு கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

பனவடலிசத்திரத்தில் பஸ் ஏறி, சங்கரன்கோவிலிலோ திருநெல்வேலியிலோ உள்ள கடைகளுக்குச் சாதாரண வாடிக்கையாளராகப் போய்வருவது என் பகுதிநேர வேலை. மரியாதையாகப் பேசினார்களா, பில் தந்தார்களா என்று கவனித்துப் படிவம் நிரப்ப வேண்டும். அனுப்புவது அந்தக் கடையின் தலைமை நிறுவனமேதான். இதற்கு மிஸ்டரி ஷாப்பிங் என்று பெயர். ஜவுளிக்கடை என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பல் மருத்துவமனை அப்படியல்ல. எனக்கு வந்த வேலைக்குச் சம்பளம் 500 ரூபாய்; ஆலோசனைக் கட்டணத்தை நான் முதலில் கட்டி, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். போக வர பஸ், காத்திருப்பு, ராத்திரி உட்கார்ந்து எழுதும் அறிக்கை என்று ஒரு நாள் முழுசாகப் போய்விடும். அறிக்கையை ஏற்காவிட்டால் கட்டிய பணமும் வராது.

பணத்தைவிடப் பெரியது பல். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரே ஆளை 180 பல் மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவருக்கு இருந்தது அடைக்கத் தேவையில்லாத மேலோட்டமான சொத்தை. ஆனாலும் நூற்றுக்கு 28 பேர் சிகிச்சை தேவை என்றார்கள். ஆய்வுக்குப் போனவருக்குத் தன் பல்லின் நிலை முன்பே தெரியும். நமக்குத் தெரியாது. நாற்காலியில் சாய்ந்தபின் "இதை இப்பவே அடைச்சிரலாம்மா" என்றால், வேண்டாம் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

தில்லியிலும் மத்தியப் பிரதேசத்திலும் இதேபோல் மருத்துவம் பார்ப்பவர்களைச் சோதித்த ஆய்வொன்று 2012-ல் வெளியானது. அதில் நோயாளியாக நடித்த உள்ளூர்க்காரர்களுக்கு, ஊசி போட வந்தால் எப்படித் தட்டிக்கழிப்பது என்பதுவரை பழக்கியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைப்பதோ வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கேள்வித்தாள்.

என் கணக்கு இதுதான். போன் செய்து நேரம் கேட்பது, வரவேற்பறையைக் கவனிப்பது, வாயைத் திறந்து காட்டிவிட்டு வருவது ஆகியவற்றோடு வேலை முடிந்தால் ஒப்புக்கொள்ளலாம். எப்படியும் பல் சுத்தம் செய்யப் போகிறவருக்கு, அந்தச் செலவையும் அவர்களே ஏற்றால் லாபம்தான். அறிக்கைக்காக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதன் கதிர்வீச்சு மிகக் குறைவுதான். ஆனாலும் மருத்துவத் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதே விதி. அடைப்பு, வேர் சிகிச்சை என்று பேச்சு வந்தால் எவ்வளவு கொடுத்தாலும் கட்டாது.

இன்னொன்று: இந்த வேலைக்குப் பதிவுக் கட்டணம், முன்பணம் என்று யாராவது கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.