கர்ணன் பிழைத்த கதை

பாரதக் கதையிலே சாகாமல் இருந்திருக்க வேண்டியவன் யார் என்று வகுப்பிலே கேட்டால், மாணவர் பெரும்பாலும் கர்ணன் என்றே விடை சொல்வர். தருமன் முடி சூடியதில் எவருக்கும் மனக்குறை இல்லை. ஆயினும், குந்தியின் மூத்த மகன் தேர்க்காலடியில் வீழ்ந்து கிடப்பதை நம்மவர் உள்ளம் இன்றுவரை ஒப்பவில்லை. இந்தக் குறையைத் தீர்த்துவைத்த தமிழ்ப் படம் ஒன்று உண்டு. மணிரத்னம் இயக்கி, 1991ஆம் ஆண்டு நவம்பர் 5ஆந் திகதி தீபாவளியன்று வெளிவந்த 'தளபதி' என்னும் படமே அது. அதை அண்மையில் மீண்டும் ஒரு முறை பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தீவகத்தார் படமாளிகைக்குப் போகும் நிலையில் இருக்கவில்லை. 1990இல் மீண்டும் மூண்ட போரினால் மின்சாரம் அற்றுப்போய், குடிகளிற் பெரும்பாலோர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்திருந்த காலம் அது. மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, டைனமோவினால் வானொலிக்கு உயிர் கொடுத்தே யாழ்ப்பாணத்தார் பாட்டுக் கேட்டனர். ஆகவே, எங்களிற் பலருக்குத் 'தளபதி' முதலிற் காதுக்கு வந்து, வெகு காலத்தின் பின்னரே கண்ணுக்கு வந்தது. மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கு நடுவே, சாட்டியில் முற்றத்து மணலிலே பாய் விரித்து வீடியோ நாடாவில் அதைப் பார்த்தவர்கள், இன்றும் கதையை வரிசை பிசகாமற் சொல்வார்கள்.

கதை யாவரும் அறிந்ததே. பொங்கலுக்கு முதல் நாளாகிய போகியன்று, மணமாகாத சிறுமி ஒருத்தி ஆண் மகவு ஈன்று, உலகத்துக்கு அஞ்சி அதைச் சரக்குப் புகைவண்டியில் விட்டுவிடுகிறாள். பாரதத்துக் கங்கைப் பேழை இங்கே புகைவண்டிப் பெட்டி ஆயிற்று. குடிசைவாசிகளிடம் வளரும் அப்பிள்ளை சூர்யா (ரஜினிகாந்த்). ஊரை ஆட்டிப் படைக்கும் சண்டியன் தேவா (மம்முட்டி) அவனைத் தோழனாக்கித் 'தளபதி' என்று பெருமை செய்கிறான். அந்த ஊருக்கே மாவட்ட ஆட்சியராக வரும் அர்ஜுன் (இப்படத்தில் அறிமுகமான அரவிந்த்சாமி), சூர்யாவின் தாய் கல்யாணி (ஸ்ரீவித்யா) பின்னர் மணம் புரிந்து பெற்ற மகன். சூர்யாவை விரும்பிய சுப்புலட்சுமியும் (ஷோபனா) அர்ஜுனுக்கே வாழ்க்கைப்படுகிறாள்.

படத்திலே கண்ணன் இல்லை. சூழ்ச்சியால் கவசகுண்டலத்தைக் கவர வரும் இந்திரனும் இல்லை. பிள்ளையின் தகப்பன் யாரென்று எந்த இடத்திலும் சொல்லப்படவில்லை. அவன் முகத்துக்குப் பின்னே வானில் நிற்கும் சூரியனை மட்டும் சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவு நமக்கு மீண்டும் மீண்டும் காட்டுகிறது. அதற்கு மேல் ஒரு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை.

இயக்குநர் தமிழ்ப் பாரதத்தைப் படித்தே செய்தாரோ, தாமாகவே கண்டாரோ, நான் அறியேன். ஒரு துணியைப் பற்றிய ஒற்றுமை எனக்கு வியப்பளித்தது. வில்லிபுத்தூரார் பாரதத்திலே, தன்னைத் தாய் என்று சொல்லி வந்த குந்தியைக் கர்ணன் தெய்விக ஆடையொன்றினாற் சோதிக்கிறான். பொய்யாக உரிமை கூறுவோரை எரித்துவிடும் ஆடை அது. 'தளபதி'யிலும், குழந்தையோடு வண்டியிற் போன துணியைச் சூர்யா வளர்ந்த பின்னும் பேணி வைத்திருக்கிறான். இந்தத் துணி யாரையும் எரிப்பதில்லை, தாயின் நெஞ்சைத் தவிர.

என் மனத்தை நெடுநேரம் பிடித்துவைத்தது வேறொன்று. 'இவன் என் பிள்ளை' என்னும் சொல்லைத் தாயானவள் எப்போது சொல்கிறாள்? வியாசரின் பாரதத்திலே போர் முடிந்து, இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்யும்போதுதான் குந்தி வாய் திறக்கிறாள். தமையனைக் கொன்றுவிட்டோம் என்று அறிந்த தருமன் பெண்குலத்தையே சபிக்கிறான். வில்லிபுத்தூரார் அவ்வளவு தாமதிக்கவில்லை. களத்தில் தான் வீழ்ந்தால் மடியிலே கிடத்தி, மகன் என்று உலகறியச் சொல்ல வேண்டுமெனக் கர்ணனே வரங் கேட்கிறான். குந்தியும் களத்துக்கு ஓடி வருகிறாள். பி. ஆர். பந்துலு 1964 பொங்கலுக்கு அளித்த 'கர்ணன்' படத்திலே, சிவாஜி கணேசன் வீழ்ந்து கிடக்க நாம் கண்ணீர் வடித்ததும் இந்த இடத்திலேதான். 'தளபதி'யிலோ, மகன் உயிரோடு இருக்கையிலேயே தாய் வந்து சேர்கிறாள். உண்மையை முதலில் அறிந்த சூர்யா, அதைத் தாயிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கணவரையே (ஜெய்சங்கர்) கேட்டுக்கொள்கிறான். கைவிடப்பட்ட பிள்ளை கைவிட்டவளின் மனம் நோகாமற் காக்கிறது! புகைவண்டியின் கூவல் கேட்டுக் கோவிலிலே தாயும் மகனும் ஒருவரை ஒருவர் அறியாமல் திகைத்து நிற்குங் கட்டத்தைப் பார்க்கையில், பிள்ளைகளைக் கப்பலுக்கும் விமானத்துக்கும் கொடுத்துவிட்டு இருந்த எங்கள் ஊர்த் தாய்மார் முந்தானையால் முகம் துடைத்ததில் வியப்பில்லை.

ஆயினும், சூர்யா குற்றமற்றவன் அல்லன். பெண்ணொருத்தியிடம் முறைகேடாக நடந்தவனை அவன் அடித்த அடியில் அம்மனிதன் உயிர் போகிறது. மாண்டவனின் மனைவி பத்மா (பானுப்பிரியா) கைக்குழந்தையோடு அவன் கண்முன்னே நிற்கிறாள். பாரதத்திலே கைம்பெண்களின் அழுகை போரின் முடிவில், ஸ்திரீ பருவத்திலேதான் கேட்கிறது. இங்கே அது கதையின் நடுவிலேயே வந்து, கொன்றவனின் வீட்டு வாசலில் நிற்கிறது. அவளையும் குழந்தையையும் சூர்யா ஏற்றுக்கொள்வது காதலினால் அன்று, கடனினால். சண்டைக் காட்சிகளுக்குக் கை தட்டும் இளைஞர்கள் பத்மா வரும் இடங்களைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. மணிரத்னமும் இளையராஜாவும் சேர்ந்து பணியாற்றிய கடைசிப் படம் இது. கூட்டமாக ஆடிப் பாடும் ஆரவாரத்தின் நடுவே, அப்பர் சுவாமிகள் தில்லைக் கூத்தனைப் பாடிய தேவாரத்தைச் சுப்புலட்சுமி பாட, சண்டியர் கூட்டம் வாயடைத்து நிற்கிறது. பண்ணோடு தேவாரம் பயிலும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கட்டத்துக்காகவே படத்தைக் காட்டலாம். எஸ். ஜானகி பாடிய தாலாட்டை இங்கே விரித்துரைக்க இடமில்லை, கேட்டவர் அறிவர்.

அர்ஜுன் தன் தோழனின் தம்பி என்பதும், அதை அறிந்தும் அவன் தன் பக்கமே நின்றான் என்பதும் தேவாவுக்குத் தெரியவரும் கட்டம் மம்முட்டியின் நடிப்புக்கு உரைகல். துரியோதனனுக்கு வியாசர் இப்படி ஒரு கணத்தை அளிக்கவில்லை. கர்ணன் யாரென்று அறியாமலே அவன் மாண்டான். தேவா அறிகிறான், நெகிழ்கிறான், வன்முறையை விடவும் துணிகிறான். அப்போதுதான் பகைவன் காளிவர்தனின் (அம்ரீஷ் பூரி) ஆட்கள் அவனைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். கர்ணனைப் பிழைக்க வைத்த படம் அதற்கு விலையாகத் துரியோதனனை எடுத்துக்கொண்டது. அதனால்தான், விரும்பிய முடிவு கிடைத்தும் நாம் முழு மகிழ்ச்சியோடு எழுந்து போக முடிவதில்லை.

கடைசியில் அர்ஜுனுக்கு இடமாற்றம் வருகிறது. அவன் சுப்புலட்சுமியோடு புறப்படுகிறான். தாய் அவர்களோடு போகவில்லை. மூத்தவன் வீட்டிலே தங்கிவிடுகிறாள்.