கணினிக் கோப்புகள் மாறாதிருக்கின்றனவா? லினக்ஸ் கணினியில் சோதனை நிரலை நிறுவும் முறை

மும்பை மாநகரின் வடகிழக்குப் பகுதியான பாண்டுப்பில் மாநகராட்சியின் நீர் சுத்திகரிப்பு நிலையம் அமைந்துள்ளது. ஆசியாவிலுள்ள மிகப் பெரிய நிலையங்களுள் அதுவும் ஒன்று. வைதரணா ஆற்றின் நீர்த்தேக்கங்களிலிருந்து பெருங்குழாய்கள் வழியே வந்துசேரும் நீர் அங்கே கலங்கல் படியவைக்கப்பட்டு, மணற்படுகைகளில் வடிகட்டப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்டு நகருக்கு அனுப்பப்பெறுகிறது. ஆயினும் பணி அத்துடன் முடிந்துவிடுவதில்லை. நிலையத்தைவிட்டு வெளியேறிய நீர், நகரிலுள்ள தேக்கங்களிலும் குழாய்களிலும் மீண்டும் மாதிரி எடுத்துச் சோதிக்கப்படுகிறது. வழியில் எங்கேனும் குழாய் கசிந்து அசுத்தம் புகுந்திருக்கலாம். அது கண்ணுக்குப் புலப்படாது. பார்வைக்குத் தெளிந்த நீரும் நோயைத் தரவல்லது.

கணினியிலுள்ள கோப்புகளின் நிலையும் இதுவே. நேற்று இயங்கிய நிரல் இன்றும் இயங்குகிறது. திரையில் தோன்றுவதில் வேறுபாடு ஏதும் இல்லை. எனினும் அந்நிரல் நேற்றிருந்த அதே நிரல்தானா என்பதைக் கண்ணால் கண்டு சொல்ல இயலாது. பள்ளியின் மதிப்பெண் பட்டியல், ஊராட்சியின் வேலையாள் வருகைப்பட்டி, நில அளவைக் கணக்கு ஆகியன இன்று கணினியில் காக்கப்படுகின்றன. ஆகவே கோப்புகளின் மாறாமையைச் சோதிக்கும் முறையைக் களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கெனக் கட்டணமின்றிக் கிடைக்கும் நிரலை நிறுவும் முறை ஈண்டு விளக்கப்பெறுகிறது.

பூட்டு மட்டும் போதாமை

கணினியைக் காக்கக் கடவுச்சொல் என்னும் பூட்டு உளது. ஆனால் திறவுகோலே திருடப்பட்டுவிட்டால் பூட்டினால் பயன் இல்லை. இதற்குத் தக்க சான்று 2003ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. உலகெங்குமுள்ள தன்னார்வலர் கூடி உருவாக்கிவரும் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பின் சேவைக் கணினிகளுள் ஒன்றில், அவ்வாண்டு நவம்பர் 19ஆம் நாள், ஒட்டுக்கேட்டுப் பெற்ற கடவுச்சொல் ஒன்றைக்கொண்டு ஒருவர் நுழைந்தார். அக்கடவுச்சொல்லுக்குரிய பயனருக்கு நிர்வாகி உரிமை இல்லை. ஆயினும் லினக்ஸின் கருநிரலில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி அவர் முழு உரிமையும் பெற்று, தம் இருப்பை மறைக்கும் நிரலொன்றையும் நிறுவினார். இவ்வகை மறைப்பு நிரல்கள் ‘ரூட்கிட்’ எனப்படும்.

மறுநாள் சில கணினிகள் காரணமின்றித் தடுமாறத் தொடங்கின. ஏறக்குறைய அதே வேளையில், அவற்றுட் சிலவற்றில் நிறுவப்பட்டிருந்த ‘எய்ட்’ என்னும் சோதனை நிரல், கணினி தொடங்கும்போது முதன்முதல் இயங்கும் ‘இனிட்’ என்னும் நிரற்கோப்பு மாற்றப்பட்டுள்ளது என எச்சரித்தது. நான்கு சேவைக் கணினிகள் கைப்பற்றப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. நிரல் தொகுப்புகளின் களஞ்சியம் பாதிக்கப்படவில்லையென நிர்வாகிகள் அறிவித்தனர். கருநிரலின் பிழை 2.4.23ஆம் பதிப்பில் திருத்தப்பெற்றது.

இந்நிகழ்ச்சி நமக்கு அயலானதன்று. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் பாரத இயங்குதளம் டெபியனையே அடிப்படையாகக் கொண்டது. பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் அது பயன்பட்டு வந்துள்ளது.

சுருக்க எண் என்பது யாது?

ஒரு கோப்பு மாறியுள்ளதா என்று காண அதன் அளவையும் தேதியையும் பார்த்தால் போதாதா என்னும் வினா எழலாம். போதாது. கோப்பின் திருத்தத் தேதியை ஒரே கட்டளையால் விரும்பியவாறு மாற்றிவிடலாம். ஓரெழுத்தை நீக்கி மற்றோரெழுத்தை இட்டால் அளவும் மாறாது. ஆகவே கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் ‘ஹாஷ்’ என்னும் சுருக்க எண் தேவையாகிறது.

இதன் கருத்தை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். 4, 7, 2 என்னும் இலக்கங்களைக் கூட்டினால் 13 வரும். முதலிரண்டும் இடம் மாறி 7, 4, 2 என்றானாலும் கூட்டுத்தொகை 13தான். எனவே வெறுங்கூட்டல் இம்மாற்றத்தைக் காட்டாது. முதல் இலக்கத்தை ஒன்றாலும், இரண்டாவதை இரண்டாலும், மூன்றாவதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் முன்னதற்கு 24உம் பின்னதற்கு 21உம் கிடைக்கும். மாற்றம் வெளிப்பட்டுவிட்டது. ஆனால் 1, 7, 3 என்பதற்கும் இம்முறையில் 24 வரும். கணக்கு அறிந்த ஒருவர் விடை மாறாதவாறு இலக்கங்களை மாற்றிவிட முடியும் என்பதே இதன் குறைபாடு.

அவ்வாறு எவரும் செய்ய இயலாத வகையில் அமைக்கப்பெற்ற கணக்குமுறைகளுள் ஒன்று, 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனம் வெளியிட்ட ‘ஷா-256’ ஆகும். கோப்பு ஒரு வரியாயினும் ஒரு நூலகமாயினும் இம்முறை தருவது 64 குறிகள் கொண்ட ஒரே நீளமுள்ள எண்ணே. கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் விடை முற்றிலும் வேறாகிவிடும். இதற்கு முன் வழங்கிய ‘எம்.டி.5’ முறையில், ஒரே விடை தரும் இரு வேறு கோப்புகளை ஆக்கலாம் என்பது 2004இலும், ‘ஷா-1’ முறையிலும் அஃது இயலும் என்பது 2017இலும் மெய்ப்பிக்கப்பட்டன. ஆதலின் அவ்விரண்டையும் மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

‘எய்ட்’ நிரலின் தோற்றம்

இத்துறையில் முதலில் புகழ்பெற்ற நிரல் ‘டிரிப்வயர்’ என்பதாகும். காவல் எல்லையில் கால் தடுக்குமாறு கட்டப்படும் எச்சரிக்கைக் கம்பியின் பெயரையே அது பெற்றது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம் என்னும் மாணவரும் யூஜீன் ஸ்பாஃபோர்டு என்னும் பேராசிரியரும் 1992ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். பின்னர் அது வாணிகப் பொருளாயிற்று. அதற்கு மாற்றாக, யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ‘எய்ட்’ 1999ஆம் ஆண்டில் தோன்றியது.

‘எய்ட்’ செய்யும் வேலை எளியது. குறிப்பிட்ட அடைவுகளிலுள்ள ஒவ்வொரு கோப்பின் சுருக்க எண், அளவு, உரிமையாளர், அனுமதி விவரம், நேரக் குறிகள் ஆகியவற்றை அது ஒரு தரவுத்தளத்தில் எழுதிக்கொள்கிறது. இதனை மூலப் பதிவேடு எனலாம். பின்னர் ஒவ்வொரு முறையும் கோப்புகளை மீண்டும் கணக்கிட்டு, மூலப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, புதிதாக வந்தவை, காணாமற்போனவை, மாறியவை என மூவகையாகப் பிரித்து அறிக்கை தருகிறது.

நிறுவும் முறை

முதலாவதாக, கணினி தூயதாயிருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். இயங்குதளத்தை நம்பத்தக்க மூலத்திலிருந்து புதிதாக நிறுவி, திருத்தங்கள் யாவற்றையும் ஏற்றிய பின்னரும், பிறர் பயன்பாட்டிற்குத் திறந்துவிடுவதற்கு முன்னரும் மூலப் பதிவேட்டை உண்டாக்குவதே முறை. ஏற்கெனவே கெட்டுவிட்ட கணினியில் உண்டாக்கிய பதிவேடு கேட்டையே சரியென்று கொண்டுவிடும்.

இரண்டாவதாக, டெபியன் வழிவந்த கணினியில் நிர்வாகி உரிமையுடன் ‘ஆப்ட்’ கட்டளையால் ‘எய்ட்’ தொகுப்பையும் அதற்குத் துணையான ‘எய்ட்-காமன்’ தொகுப்பையும் நிறுவவேண்டும்.

மூன்றாவதாக, எவற்றைக் கண்காணிப்பது என்பதை அமைப்புக் கோப்பில் வரையறுக்கவேண்டும். நிரல்கள் உள்ள ‘பின்’, ‘எஸ்பின்’ அடைவுகள், நிரல்நூலகங்கள் உள்ள ‘லிப்’, அமைப்புகள் உள்ள ‘ஈடிசி’, தொடக்கக் கோப்புகள் உள்ள ‘பூட்’ ஆகியவை இன்றியமையாதவை. தற்காலிகக் கோப்புகளையும் பயனரின் அன்றாட ஆவணங்களையும் விலக்கிவிடலாம். அவை இயல்பாகவே மாறுவன. நிகழ்ச்சிப் பதிவுகள் நாள்தோறும் வளர்வன. அவை வளர்வது இயல்பு, குறுகுவதே ஐயத்திற்குரியது. இவ்வேறுபாட்டை உணர்த்தும் விதிகளும் நிரலில் உள்ளன.

நான்காவதாக, ‘எய்ட்இனிட்’ என்னும் கட்டளையை இட்டால் மூலப் பதிவேடு உருவாகும். கோப்புகளின் எண்ணிக்கைக்கேற்ப இதற்குச் சில நிமிடங்களோ அதற்கு மேலுமோ ஆகலாம். புதிய பதிவேடு ‘வார்’ அடைவிலுள்ள ‘லிப்’ என்னும் உள்ளடைவில், ‘எய்ட்’ என்ற பெயரின்கீழ் எழுதப்படும். அதன் பெயரில் ‘நியூ’ என்னும் சொல் இருக்கும். அச்சொல் நீங்கிய பெயரில் அதனைப் படியெடுத்து வைத்தாலன்றி ஒப்பீடு நிகழாது. புதியவர் பலரும் தவறவிடும் படி இதுவே.

ஐந்தாவதாக, அமைப்புக் கோப்பின் இடத்தைக் குறிப்பிட்டு, ‘செக்’ என்னும் தெரிவுடன் ‘எய்ட்’ கட்டளையை இட்டுச் சோதித்துப் பார்க்கவேண்டும். ‘ஈடிசி’ அடைவில் ஒரு வெற்றுக் கோப்பை வேண்டுமென்றே உண்டாக்கி மீண்டும் சோதித்தால், அது அறிக்கையில் தோன்றவேண்டும். தோன்றாவிடில் அமைப்பில் பிழை உளது. நாள்தோறும் தானே இயங்கி, நிர்வாகிக்கு அஞ்சலனுப்பும் ஏற்பாடு டெபியன் தொகுப்பிலேயே உண்டு. அவ்வஞ்சல் உண்மையில் ஒருவருடைய பெட்டியை அடைகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மூலப் பதிவேட்டைக் காத்தல்

புல எல்லையில் நட்ட கல்லை ஒருவர் இரவில் பெயர்த்து நடலாம். மறுநாள் அளவர் வந்து, அலுவலகத்திலுள்ள புலப்படத்துடன் ஒப்பிட்டு அதைக் கண்டுவிடுவார். அப்படமும் கல்லைப் பெயர்த்தவர் வீட்டிலேயே இருந்திருப்பின் நிலை என்னாகும்? கல்லையும் மாற்றி, படத்தையும் திருத்தி, இரண்டும் பொருந்துகின்றன என்று காட்டிவிடுவார்.

மூலப் பதிவேட்டைச் சோதிக்கப்படும் கணினியிலேயே விட்டுவைப்பதும் இதனையொத்ததே. நிர்வாகி உரிமை பெற்ற அயலார் கோப்பை மாற்றிப் பதிவேட்டையும் புதுப்பித்துவிட்டால், அறிக்கை ஒன்றும் சொல்லாது. ஆகவே பதிவேட்டின் படியொன்றை, திருத்தி எழுத இயலாத குறுவட்டிலோ, பெட்டியில் பூட்டிவைக்கும் நினைவகத்திலோ காத்தல் வேண்டும். பதிவேட்டுக் கோப்பின் சுருக்க எண்ணைக் கணக்கிட்டு, அலுவலக ஏட்டில் மையால் எழுதி, தேதியிட்டு ஒப்பமிடுவதும் நன்று. எளிய வசதிகளே உள்ள அலுவலகத்திற்கும் இஃது இயல்வதே.

அறிக்கையைப் படித்தல்

இயங்குதளத்தில் திருத்தம் ஏற்றிய மறுநாள் நூற்றுக்கணக்கான கோப்புகள் மாறியதாக அறிக்கை வரும். இவற்றைக் கண்டு சலிப்புற்று, அறிக்கையைப் படியாமலே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் விரைவில் உண்டாகும். அப்பழக்கமே இம்முறைக்குப் பெரும்பகை. இதனைத் தவிர்க்க ஒழுங்கொன்று உண்டு. திருத்தம் ஏற்றுமுன் ஒருமுறை சோதித்து, மாற்றமில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். திருத்தம் ஏற்றியவுடன் மறுமுறை சோதித்து, மாறியவை அத்திருத்தத்திற்கு உரியவைதாமா என்று பார்த்து, அதன் பின்னரே பதிவேட்டைப் புதுப்பித்தல் வேண்டும். எவரும் திருத்தம் ஏற்றாத நாளில் ஒரே ஒரு நிரற்கோப்பு மாறியிருப்பினும் அது கவனத்திற்குரியது.

இதன் எல்லைகள்

‘எய்ட்’ மாற்றத்தைத் தடுப்பதில்லை. நிகழ்ந்ததை அறிவிப்பது மட்டுமே அதன் பணி. கோப்பில் எழுதப்படாமல் நினைவகத்திலேயே இயங்கும் தீய நிரலை அது காணாது. கருநிரலே கெட்டிருப்பின், சோதனை நிரலுக்கும் பொய்யான உள்ளடக்கம் காட்டப்படலாம். ஐயம் வலுத்தவிடத்து, கணினியை வேறொரு தூய வட்டிலிருந்து தொடங்கி, தனியே காத்துவைத்த பதிவேட்டுடன் ஒப்பிடுவதே உறுதியான வழி.

மாற்றம் கண்டால் செய்யத்தக்கவை

காரணமறியா மாற்றம் கண்டவுடன் கோப்பை அழிப்பதோ கணினியை மீள நிறுவுவதோ கூடாது, சான்று அழிந்துவிடும். கணினியை இணைப்பினின்றும் பிரித்து, அறிக்கையைப் படியெடுத்து, மேலதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் இத்தகைய நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் ‘செர்ட்-இன்’ அமைப்புக்கு அறிவிக்கவேண்டும் என்றும், நிகழ்ச்சிப் பதிவுகளை 180 நாட்களுக்குக் காக்கவேண்டும் என்றும் 2022 ஏப்ரல் 28ஆம் நாளைய ஆணை கூறுகிறது.

சுருக்க எண்ணுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக அளிக்கையில் உடன் தரவேண்டிய சான்றிதழில் அப்பதிவின் சுருக்க எண்ணும் குறிக்கப்பெறுதல் வேண்டும். எனவே ஒரு கோப்பின் சுருக்க எண்ணைக் கணக்கிடக் கற்றல் கணினி வல்லுநருக்கு மட்டும் உரியதன்று.

லினக்ஸ் பயிற்சி இல்லாதவர் முதலில் கட்டளைகளைப் பழகிக்கொள்ளலாம். பாண்டுப்பை அடுத்த பவாயிலுள்ள பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் இதற்கான பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஆக்கியளித்துள்ளது. பள்ளியிலோ அலுவலகத்திலோ ஒரு கணினியில் இதனை நிறுவி, அறிக்கையை நாள்தோறும் படிக்கும் பொறுப்பைக் குறிப்பிட்ட ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் படித்தமைக்கு ஏட்டில் ஒப்பமிடச் செய்தல் வேண்டும். படிக்க ஆளின்றி வரும் அறிக்கை, மாதிரி எடுத்தும் சோதிக்காமல் வைத்த நீரைப் போன்றது.