முகிலில்லா வானத்து மின்

தமிழாசிரியர்க்கு மின்னியலில் என்ன அலுவல் எனப் பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். மின் என்னுஞ் சொல்லின் பொருள்களை வகுப்பில் விளக்கப் புகுந்த நாம், பன்வில மலைத்தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவனின் வினாவொன்றினால் இத்துறைக்கு இழுக்கப்பட்டோம். “முகிலே இல்லாத நாளிலும் வானத்தில் மின் உண்டா, ஐயா?” என்பதே அவ்வினா.

உண்டு. 1752ஆம் ஆண்டிலேயே லெமொன்னியே என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனைக் கண்டறிந்தார். பூமி எதிர்மின்னேற்றம் உடையது. மிக உயரத்தேயுள்ள வளிமண்டலப் படைக்கும் நிலத்துக்குமிடையே ஏறத்தாழ 250,000 உவோற்று அழுத்த வேறுபாடு உளது. நிலத்தையடுத்துத் தெளிந்த நாளில் ஒரு மீற்றர் உயரத்துக்கு 100 உவோற்று வரையில் அழுத்தம் ஏறுகின்றது. அங்ஙனமாயின், நிமிர்ந்து நிற்பவனின் தலைக்கும் காலுக்குமிடையே 150 உவோற்று இருத்தல் வேண்டுமே. அவன் ஏன் தாக்குண்பதில்லை? காற்று மின்னை மிக அரிதாகவே கடத்தும். மனித உடலோ நன்கு கடத்தும். ஆதலின் உடல் முழுவதும் நிலத்தின் அழுத்தத்தையே அடைந்துவிடுகின்றது.

இதனை அளத்தற்கு எளிய வழியொன்றைப் பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் வகுத்தார். காவலிட்ட பாத்திரமொன்றிலிருந்து நீர் ஒரு குழாய்வழியே துளித்துளியாக வீழும். ஒவ்வொரு துளியும் சிறிது மின்னேற்றத்தைக் கொண்டுசெல்லும். துளி பிரியும் இடத்துக் காற்றின் அழுத்தத்தைப் பாத்திரம் பெறும்வரை இது நிகழும். இலண்டனை அடுத்த கியூ நிலையத்தில் 1861 முதல் இம்முறையில் அளவீடு நிகழ்ந்தது.

நாமும் மாணவர் சிலரும் பால்மாத் தகரமொன்றையும் மெழுகுக் கட்டியையும் பொன்னிலை மின்காட்டியையும் கொண்டு இதனை முயன்றோம். முதல்நாள் நிழல்மரத்தின்கீழ் வைத்தோம், இலை அசையவில்லை. மரமும் நிலத்தோடு இணைந்த கடத்தியாதலின், அதன் கீழுள்ள காற்றில் அழுத்த ஏற்றம் இல்லாதொழிகின்றது. வெளியான மேட்டிற்கு மாற்றி, குழாயை மூங்கிலில் உயர்த்தியபின் இலை சற்றே விரிந்தது. அன்று மாணவர் எழுப்பிய ஆரவாரம் அடுத்த தோட்டம்வரை கேட்டிருக்கும்! மூடுபனி நாளில் இன்னும் விரியும் என எதிர்பார்த்தோம், விரியவேயில்லை. மெழுகின்மேல் ஈரம் படிந்து மின் கசிந்துவிட்டது. பிறிதொரு நாள் குற்றவாளி ஒரு சிலந்தி. அதன் நூலிழை ஒன்றே போதுமாயிருந்தது.

எம் கருவி தோற்றதேயன்றி எம் எதிர்பார்ப்புத் தவறன்று. நிலத்திலிருந்து எழும் ரேடன் வாயுவும் அண்டக்கதிர்களும் காற்றில் அயன்களைத் தோற்றுவிக்கின்றன. அவற்றின்வழியே ஒரு சதுர மீற்றருக்கு அம்பியரின் இலட்சங்கோடியில் இரண்டு பங்களவான மின்னோட்டம் கீழ்நோக்கி வருகின்றது. விரைந்து செல்லும் அயன்கள் பனித்துளியிலோ புகைத்துகளிலோ ஒட்டியதும் இயக்கங் குன்றுகின்றன. தடை கூட, ஓமின் விதிப்படி அழுத்த ஏற்றமும் கூடுகின்றது. இதன் மறுதலையும் உண்மை. 2011 மார்ச்சில் புகுசிமா அணுவுலையிலிருந்து கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் பரவியபொழுது, யப்பானியக் கக்கியோகா நிலையத்தில் இவ்வளவு சடுதியில் வீழ்ந்தது. எம் ஹுலு கங்கை போன்ற நீர்வீழ்ச்சிகளின் அருகிலோ, சிதறும் நீர் காற்றில் எதிர்மின்னை விடுகின்றது. 1892இல் லெனாட் இதனை விளக்கினார்.

கார்னெகி என்னுங் கப்பல், 1929இல் வெடித்து அழியுமுன், பெருங்கடல்களில் எடுத்த அளவுகள் வியப்புக்குரியன. எக்கடலிலாயினும் அழுத்த ஏற்றம் கிரீனிச்சு நேரம் 19 மணியளவில், அஃதாவது எமக்கு நள்ளிரவு கடந்து அரைமணியளவில், உச்சமடைகின்றது. ஆபிரிக்க, அமெரிக்கக் கண்டங்களின் பிற்பகல் இடிமுகில்களே உலகின் மின்கலமாய் நிற்பதே காரணம். எமக்கு அண்மையில், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தார் இம்மின்னோட்டத்தை அளந்துள்ளனர். தரைநிலையங்களில் சூரியோதயத்தின்பின் எழுங் காற்று, இரவில் தேங்கிய ரேடனையும் தூசியையும் கலைத்துக் குழப்பம் விளைப்பதுண்டு.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமுகில் எம் மலைகளின்மேல் திரளும்போது நிலைமை வேறு. அழுத்த ஏற்றம் திசைமாறி மீற்றருக்குப் பல்லாயிரம் உவோற்றாகின்றது. அவ்வேளையில் எம் மாணவர் பலரின் தாய்மார் சரிவில் கொழுந்தெடுப்பவர். மழை வீழட்டும் என்று காத்திருப்பவர். மின்னலோ மழைக்கு முன்னரும், மழை பெய்யும் இடத்துக்கு அப்பாலும் தாக்கவல்லது. முகிலடியில் அழுத்த ஏற்றம் மாறுவதை, நிலத்தோடு இணைந்த தகடு சுழன்று மற்றொரு தகட்டை மாறிமாறி மூடித் திறக்குங் கருவி முதல் மின்னலுக்கு முன்னரே காட்டக்கூடும்.

வினா எழுப்பிய மாணவன் பழைய மின்விசிறி மோட்டாரொன்றைக் கொண்டு அத்தகைய கருவியை அமைக்க முயல்கின்றான். சுழலுந் தகட்டை நிலத்தோடு இணைப்பதில் இடர்ப்படுகின்றான். இத்துறை பயின்ற பழைய மாணவர் எவரேனும் ஒரு சனிக்கிழமை வந்து வழிகாட்டுவாராயின், பன்வில வரும் பேருந்து நேரங்களை நாமே எழுதி அனுப்புவோம்.