காலில் இறங்கிய வலி இடுப்புக்குத் திரும்பட்டும்

முதுகுவலிக்காரரிடம் எங்கே வலிக்கிறது என்பதோடு, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்றும் கேட்க வேண்டும். உட்கார்ந்தால் கூடும், நடந்தால் தேவலையாக இருக்கும். குனிந்து செருப்பு மாட்டினால் சுரீரென்று இழுக்கும், குப்புறப் படுத்தால் அடங்கும். இப்படி உடலின் நிலைக்கும் அசைவுக்கும் ஏற்ப ஏறி இறங்கும் வலிக்குக் கிருமியோ கட்டியோ பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. தாங்க முடியாத சுமை ஓரிடத்தில் விழுவதே காரணம். நாம் பார்க்கும் முதுகுவலிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

ஜவ்வு படும் பாடு

இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள். அவற்றுக்கு இடையில் இருப்பவற்றைத்தான் ‘ஜவ்வு’ என்றும் ‘டிஸ்க்’ என்றும் சொல்கிறோம். வெளியே வலுவான நார் வளையம், உள்ளே கூழ். முன்னால் குனியும்போது கூழ் பின்பக்கம் நெருக்கப்படுகிறது. நரம்புகள் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அதிகம் பாதிக்கப்படுபவை கடைசி இரண்டு டிஸ்க்குகள். நிற்பதைவிட உட்காரும்போதும், முன்னால் சாயும்போது இன்னும் கூடுதலாகவும் டிஸ்க்கில் அழுத்தம் ஏறுவதை ஸ்வீடன் மருத்துவர் நாக்கெம்சன் 1960களிலேயே ஊசி செலுத்தி அளந்து காட்டினார்.

இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க்கைக் குனிந்து வளைத்தால் அதன் மேல் சுமை அதிகம். நம் வீடுகளில் பெண்கள் வாசல் பெருக்கிக் கோலம் போடுவதும் அதே வேளையில்தான். வலி உள்ள நாட்களில் எழுந்ததும் சற்று நடந்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குனியுங்கள். நீளமான பிடியுள்ள துடைப்பம் வாங்கிக் கொடுப்பது வீட்டில் உள்ள மற்றவர்களின் பொறுப்பு.

வெலிங்டனில் நடந்தது

1956. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட். இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்கிய ஒருவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கவனிக்கப் போனார். கட்டிலின் தலைப்பக்கம் முந்தைய நோயாளிக்காக உயர்த்தியபடியே இருந்தது. இவர் அதன் மேலேயே படுத்துவிட, முதுகு பின்பக்கமாக நன்றாக வளைந்தது. அப்படி வளைப்பது ஆபத்து என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். திரும்பி வந்த மெக்கன்சி பதறிப்போனார். நோயாளியோ, கால் வலி போய்விட்டது என்றார்!

எந்தப் பக்கம் நகர்கிறது?

அந்த அனுபவத்திலிருந்து மெக்கன்சி வளர்த்தெடுத்த முறையின் அடிப்படை இதுதான்: ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, வலி நகரும் திசையைக் கவனிப்பது. கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும், பிறகு இடுப்பின் நடுவுக்கும் ஏறினால் அந்த அசைவு உங்களுக்கு ஏற்றது. இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் பயப்பட வேண்டாம். மாறாக, வலி பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்துங்கள்.

பலருக்கு ஒத்துவருவது, குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு, கைகளை ஊன்றி மார்பை உயர்த்துவது. எல்லோருக்கும் அல்ல. தண்டுவடப் பாதை சுருங்கிய முதியவர்களுக்கு நின்றால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். அவர்களுக்குப் பொதுவாக முன்னால் குனியும் பயிற்சியே பொருந்தும். அதனால் யூடியூபைப் பார்த்துத் தொடங்காமல், முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் சோதித்துக்கொள்ளுங்கள். மற்ற பயிற்சிகளைவிட மெக்கன்சி முறை பெரிதாக மிஞ்சியதாக ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனாலும் வைத்தியம் நோயாளியின் கையிலேயே இருப்பதால் இதை நான் மதிக்கிறேன்.

படுக்கையும் ஸ்கேனும்

இரண்டு நாள் ஓய்வு எடுத்தவர்களைவிட ஏழு நாள் படுத்தவர்கள் கூடுதலாக எந்தப் பலனும் பெறவில்லை என்று 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஸ்கேனில் ‘டிஸ்க் தேய்மானம்’ என்று இருந்தாலும் கலங்க வேண்டாம். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களிலும் 37 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது.

தள்ளிப்போடக் கூடாதவை

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, பாதம் தொங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி எதுவும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்தது, கீழே விழுந்து அடிபட்டது ஆகியவற்றோடு வரும் முதுகுவலியையும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.